ஆற்றங்கரை ஊர்கள் – 14: முடி இழந்த மன்னனும் முல்லையாற்று ஊரும்

பள்ளியில் தமிழ் படித்த எல்லோருக்கும் இந்த ஊரின் பெயர் தெரியும். ‘மதுரையில் சங்கம் இருந்ததற்குச் சான்றான செப்பேடு எது?’ என்று ஒரு மதிப்பெண் கேள்வி வரும். ‘சின்னமனூர்ச் செப்பேடு’ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் எழுதினேன். அந்தச் சின்னமனூர் எந்தப் பக்கம் இருக்கிறது, அங்கே ஆறு உண்டா, என்ன விளைகிறது என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. பிற்பாடு தேனியிலிருந்து குமுளிக்குப் போகும் பஸ்ஸில் எத்தனையோ முறை அந்த ஊரைக் கடந்திருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே வாழைத்தார் ஏற்றும் லாரி நிற்கும், வெற்றிலைக் கூடைகள் இருக்கும். பஸ் கிளம்பிவிடும். பரீட்சையில் எழுதிய ஊரும் பஸ்ஸில் கடந்த ஊரும் ஒன்றுதான் என்பது உறைக்கவே எனக்குப் பல வருடங்கள் ஆயின.

இந்த வாரம் அங்கே இறங்கிவிடுவோம்.

தேனிக்குத் தென்மேற்கே, கம்பம் பள்ளத்தாக்கின் நடுவாந்தரத்தில் இருக்கிறது சின்னமனூர். மேற்கே ஏலமலைத் தொடர், கிழக்கே மேகமலை. இரண்டு மலைகளும் கை கோத்துக்கொள்ளாமல் விட்ட இடைவெளிதான் இந்தப் பள்ளத்தாக்கு. தெற்குக் கோடியில் லோயர் கேம்ப் பக்கம் இறங்கும் ஆறு கூடலூர், கம்பம், உத்தமபாளையம் என்று ஒவ்வொரு ஊரையும் தொட்டுக்கொண்டு சின்னமனூருக்கு வந்து, வீரபாண்டியைத் தாண்டித் தேனிப் பக்கம் வைகையோடு சேர்கிறது. பழைய பெயர் சுருளியாறு. பெரியாற்றுத் தண்ணீர் வந்து சேர்ந்த பிறகு முல்லைப் பெரியாறு என்றும், சுருக்கமாக முல்லையாறு என்றும் ஆகிவிட்டது. ஆற்றின் பெயர் மாறியதற்கும் ஊரின் தலையெழுத்து மாறியதற்கும் தொடர்பு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் பள்ளத்தாக்கு நேற்று முளைத்த குடியிருப்பு அல்ல. 2006ஆம் ஆண்டு ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையோரப் புள்ளிமான்கோம்பையில், தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள். அதுவரை நடுகல் என்றால் பல நூற்றாண்டுகள் பிந்திய வட்டெழுத்துக் கற்களைத்தான் பெரும்பாலும் காட்டுவார்கள். அந்தக் கற்களில் ஒன்று, கூடல் என்ற ஊரில் நடந்த ஆநிரை கவர்தலில் உயிர்விட்ட தீயன் அந்துவன் என்பவனுக்கு எடுத்தது. அந்தக் கூடல் நம் கூடலூர்தான் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. மாடு மேய்ந்த பள்ளத்தாக்கு, மாட்டுக்காகச் சண்டை நடந்த பள்ளத்தாக்கு. கம்பத்தில் இன்றும் சாமி மாடுகளுக்கென்றே தம்பிரான் மாட்டுத்தொழு இருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று சுற்றுப்பட்டுச் சனமெல்லாம் அங்கே கூடும்.

மேய்ச்சல் நிலம் நெல் நிலமாக மாறிய காலத்தில் பாண்டியர்கள் வருகிறார்கள். கல்வெட்டுகளில் இந்தப் பகுதிக்கு அளநாடு என்று பெயர். சின்னமனூருக்குப் பெயர் அரிகேசரிநல்லூர்.

அரிகேசரி என்பது பாண்டிய மன்னர்கள் விரும்பிச் சூடிய பெயர். எதிரிகளுக்குச் சிங்கம் போன்றவன் என்று பொருள். ஆனால் இந்தப் பெயரை நான் போர்ப் பெயராக மட்டும் பார்ப்பதில்லை. வைகை ஆற்றுப் படுகையில் கிடைத்த ஒரு கல்வெட்டு, ஏழாம் நூற்றாண்டில் சேந்தன் மாறன் ஆட்சியில் அமைந்த மதகு ஒன்றைப் பற்றிச் சொல்கிறது. அந்த மதகின் பெயர் ‘அரிகேசரியான்’. வைகையில் ஒரு மதகு அரிகேசரியான். வைகைக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஆற்றின் கரையில் ஓர் ஊர் அரிகேசரிநல்லூர். தங்கள் பெயரை எங்கே வைத்தால் நிலைக்கும் என்று பாண்டியருக்குத் தெரிந்திருந்தது. தண்ணீர் ஓடும் இடத்தில் வைத்தார்கள்.

ஊரின் நடுநாயகம் பூலாநந்தீசுவரர் கோவில். ஊரார் சிவகாமியம்மன் கோவில் என்பார்கள். தல வரலாறு சொல்லும் கதை இது. அரண்மனைக்குப் பால் சுமந்து வந்த இடையன் ஒவ்வொரு நாளும் பூலா மரத்தின் வேர் ஒன்றில் இடறி விழுவான். பால் கொட்டிப் போகும். செய்தி மன்னன் காதுக்கு எட்டியது. அந்த வேரை வெட்டச் சொன்னான். கோடரி பட்ட இடத்தில் ரத்தம் பீறிட்டது. பதறிப்போய்ப் பார்த்தால் லிங்கம். மன்னன் கட்டித் தழுவிக்கொண்டான். அவன் மார்பில் கிடந்த அணிகளின் தடம் லிங்கத்தில் பதிந்தது. தழுவக் குழைந்தவர் என்று இந்த ஈசனுக்கு ஒரு பெயர். அளவுக்கு அளவானவர் என்று இன்னொரு பெயர். கும்பிடுகிறவர் எந்த உயரமோ அந்த உயரத்துக்கு அவர் தெரிவாராம். அந்தக் கதையின் மன்னனை ஊர் இராசசிம்ம பாண்டியன் என்கிறது.

இதே ஊரில் மாணிக்கவாசகரே மூலவராக அமர்ந்திருக்கும் கோவில் ஒன்றும் உண்டு. சிவன் கோவிலில் நால்வரில் ஒருவராக நிற்பவர் இங்கே தனிக்கோவில் கொண்டிருக்கிறார். பாண்டிய நாட்டு அமைச்சராக இருந்தவருக்குப் பாண்டிய நாட்டின் இந்த மூலையில் இப்படி ஒரு மரியாதை.

இராசசிம்மன் கதையில் மட்டும் இருப்பவன் அல்ல. செப்பேட்டில் இருக்கிறான்.

*

சின்னமனூரில் கிடைத்தவை இரண்டு தொகுதிச் செப்பேடுகள். அப்போது ஊர் மதுரை மாவட்டம், பெரியகுளம் வட்டத்தில் இருந்தது. கல்வெட்டுத் துறையின் 1907ஆம் ஆண்டறிக்கை வழியாகத்தான் அவை வெளியுலகுக்குத் தெரிந்தன. பிறகு கிருஷ்ண சாஸ்திரி படித்துப் பதிப்பித்து, தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் சேர்த்தார். சிறியது, பெரியது என்று பிரித்துச் சொல்வது வழக்கம். நாம் பள்ளியில் எழுதியது பெரியதைப் பற்றித்தான்.

பெரிய செப்பேடு, இராசசிம்மனின் 16ஆம் ஆட்சியாண்டில் வழங்கியது. காலம் 10ஆம் நூற்றாண்டின் தொடக்கம். இவனை இரண்டாம் இராசசிம்மன் என்பவர்கள் உண்டு, மூன்றாம் இராசசிம்மன் என்பவர்களும் உண்டு. முன்னோரை எப்படி எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்த வேறுபாடு அது, ஆள் ஒருவன்தான். முதல் பாண்டியப் பேரரசின் கடைசி மன்னன்.

ஏட்டில் வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும் தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் உள்ளன. முதலில் குலப்பெருமை. அகத்தியர் இந்தக் குலத்தின் புரோகிதர். கடல் கொண்ட ஊழியிலும் தப்பிய குலம். இந்திரனோடு சரியாசனத்தில் இருந்தவர்கள். அப்புறம், தலையாலங்கானத்தில் வென்றவர்கள். மகாபாரதத்தைத் தமிழாக்கச் செய்தவர்கள். மதுரையில் சங்கம் வைத்தவர்கள். இந்த இரண்டு செய்திகள்தான் நம் ஒரு மதிப்பெண்ணுக்கு ஆதாரம். புராணமும் வரலாறும் ஒரே மூச்சில் வருகின்றன. இந்திரனையும் தலையாலங்கானத்தையும் அடுத்தடுத்த வரியில் வைத்த புலவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தலையாலங்கானத்து வெற்றியைச் சங்கப் பாடல்கள் பாடி முடித்து அதற்குள் எத்தனையோ நூற்றாண்டுகள் ஓடிவிட்டன. அந்த நினைவை ஒரு மலையடிவார ஊருக்கு வழங்கிய ஏட்டில் மறக்காமல் எழுதிவைத்தார்கள். அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அடுத்து வருவது உண்மையான வம்சாவளி. தாத்தா சீமாற சீவல்லபன், பெரிய தகப்பன் வரகுணன், தகப்பன் பராந்தக வீரநாராயணன், தாய் சேரர் குலத்து வானவன்மாதேவி. இந்த ஏடும் வேள்விக்குடிச் செப்பேடும் கிடைத்திராவிட்டால் பாண்டிய மன்னர்களை யாருக்குப் பின் யார் என்று வரிசைப்படுத்த முடியாமல் வரலாற்று ஆசிரியர்கள் திண்டாடியிருப்பார்கள். சோழருக்குக் கோவில் தோறும் மெய்க்கீர்த்தி இருக்கிறது. முற்காலப் பாண்டியருக்கு விரல்விட்டு எண்ணும் ஏடுகள்தான்.

இத்தனை பெருமையும் எதற்காக எழுதினார்கள் என்று கேட்டால், ஏடு தன் வேலைக்கு வருகிறது. அளநாட்டு நற்செய்கைப்புத்தூர் என்ற ஊரை, மந்தரகௌரவமங்கலம் என்று புதுப்பெயரிட்டு, ஓர் அந்தணருக்குப் பிரமதேயமாகக் கொடுக்கிறான் மன்னன். மந்தரகௌரவன் என்பது அவனுடைய பட்டப்பெயர். சங்கமும் மகாபாரதமும் இந்திரனும் முகப்பு. உள்ளே இருப்பது ஒரு நிலப்பத்திரம்.

நற்செய்கைப்புத்தூர் என்ற பழைய பெயரை நான் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். செய் என்றால் வயல். நன்செய், புன்செய் என்று இன்றும் பத்திரத்தில் எழுதுகிறோம். பெயரின் மூலப்பொருள் எதுவாக இருந்தாலும், நல்ல வேளாண்மை நடந்த புத்தூர் என்றே என் காதில் விழுகிறது. இந்த மண்ணைப் பார்த்தவர்களுக்கு வேறு மாதிரிக் கேட்காது.

அந்தக் காலத்துத் தானம் அரண்மனையில் ஓலை எழுதி முடிகிற காரியம் அல்ல. மன்னன் வாய்மொழியாகச் சொன்னதை எழுதுவார்கள். ஆணை நாட்டாருக்குப் போகும். ஊரார் முன்னிலையில் ஒரு பெண் யானையை நடத்திச் செல்வார்கள். அது சுற்றிவந்த வழிதான் எல்லை. பிடி சூழ்தல் என்று இதற்குப் பெயர். எல்லையில் கல் நாட்டுவார்கள், கள்ளி நடுவார்கள். பிறகே தச்சன் செப்புத் தகட்டில் உளி வைப்பான். தகடுகளைத் துளையிட்டு வளையத்தில் கோத்து, வளையத்தின் வாயை முத்திரையால் அடைப்பார்கள். ஒரு தகட்டைக்கூட உருவவோ செருகவோ முடியாது. காகிதம் இல்லாத காலத்தில் இதைவிடப் பத்திரமான பத்திரம் கிடையாது.

மேகமலை அடிவாரத்தில், காலை வெயிலில், வாய்க்கால் கரை ஓரமாக ஒரு பிடி மெல்ல நடந்துபோவதையும் பின்னால் ஊரே திரண்டு போவதையும் நினைத்துப் பாருங்கள். அந்த மலையில் யானை இன்றும் இருக்கிறது.

*

ஏட்டில் தன் வெற்றிகளையும் இராசசிம்மன் பட்டியலிடச் செய்திருக்கிறான். உலப்பிலிமங்கலத்தில் வென்றான். நைப்பூரில் தஞ்சை மன்னனைத் தோற்கடித்தான். கொடும்பாளூரில் போர் செய்தான். வஞ்சியைத் தீக்கிரையாக்கினான். எல்லாம் வெற்றி.

சில ஆண்டுகளில் எல்லாம் போய்விட்டது.

தஞ்சையில் முதலாம் பராந்தகன் வளர்ந்துகொண்டிருந்தான். மதுரையைக் கைப்பற்றி, ‘மதுரை கொண்ட’ என்று பட்டம் போட்டுக்கொண்டான். இராசசிம்மன் இலங்கை மன்னன் ஐந்தாம் காசியபனிடம் உதவி கேட்டான். சிங்களப் படை கடல் தாண்டி வந்தது. வெள்ளூரில் பாண்டியரும் சிங்களரும் சேர்ந்து நின்று சோழனை எதிர்த்தார்கள், தோற்றார்கள். இலங்கைப் படையைக் கொள்ளைநோயும் பிடித்துக்கொண்டது. படைத்தலைவன் இறந்தான். மிச்சம் இருந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததை இலங்கையின் மகாவம்சத் தொடர்ச்சி சொல்கிறது. தப்புலன் என்ற மன்னன் காலத்தில் இராசசிம்மன் நேரே இலங்கைக்கே போய்விட்டான். மன்னனுக்கு உதவ மனம் இருந்தது. ஆனால் உள்நாட்டுப் பிரபுக்களின் சண்டையில் ஒன்றும் நடக்கவில்லை. காத்திருந்து பார்த்த பாண்டியன், மணிமுடியையும் குலதனமான அணிகளையும் அங்கேயே அடைக்கலமாக வைத்துவிட்டு, தாயின் நாடான சேரநாட்டுக்குப் புறப்பட்டுப் போனான். போனவன் போனவன்தான். அதற்குமேல் அவனைப் பற்றிப் பேச்சே இல்லை.

முடியைத் தரும்படி பராந்தகன் ஆள் அனுப்பினான், கிடைக்கவில்லை. படை அனுப்பினான். இலங்கை மன்னன் உதயன் முடியோடு தெற்கே ரோகணத்துக்கு ஓடினான். அப்போதும் கிடைக்கவில்லை. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து முதலாம் இராசேந்திரன் இலங்கைமேல் படையெடுத்துத்தான் அந்த முடியையும், இந்திரன் ஆரம் என்று பாண்டியர் போற்றிய மாலையையும் எடுத்துவந்தான். தன் மெய்க்கீர்த்தியில் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டான். ஒரு தலைமுறையில் தொலைந்த முடியை மீட்க நாலைந்து தலைமுறை பிடித்தது. மீட்டவன் பாண்டியனும் அல்ல.

முடிக்காக மூன்று நாடுகள் அடித்துக்கொண்ட அத்தனை ஆண்டுகளும், அந்த முடியைச் சூடியவனின் பெயர் பொறித்த செம்பு சின்னமனூர் மண்ணில் இருந்தது. அவன் வைத்த மந்தரகௌரவமங்கலம் என்ற பெயர் மறைந்துவிட்டது. ஆனால் வயல் வயலாகவே இருந்தது. கீழ்நாட்டில் ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாய் இருக்கிறதே, நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று சொல்வார்களே, அதுவும் இராசசிம்ம பாண்டியன் பெயரைத்தான் சுமக்கிறது. நைப்பூரையும் உலப்பிலிமங்கலத்தையும் இன்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கண்மாயைக் கேட்டால் பஸ் கண்டக்டர் வழி சொல்வார்.

இன்னொன்றும் நடந்தது. பாண்டிய நாடு சோழர் கைக்குப் போனபின் எழுத்தே மாறியது. அதுவரை இங்கே வட்டெழுத்துதான் எழுத்து. உத்தமபாளையம் திருக்குணகிரிப் பாறையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களின் கீழே இருப்பதும் வட்டெழுத்து. அச்சணந்தி, அரிட்டநேமி போன்ற சமணப் பெரியவர்களின் பெயர்களை அங்கே பார்க்கலாம். சோழர் ஆட்சியில் அலுவல் எழுத்து சோழநாட்டுத் தமிழெழுத்து ஆயிற்று. வட்டெழுத்து மெல்லத் தேய்ந்து, மலைக்கு அந்தப் பக்கம் சேரநாட்டில் மட்டும் இன்னும் சில நூற்றாண்டுகள் உயிரோடு இருந்தது. செப்பேட்டுக்கு உரிய ஊரிலேயே அதைப் படிக்க ஆள் இல்லாமல் போனது. தாத்தாவின் பத்திரம் பேரனுக்கு வெறும் கோடுகளாகத் தெரிந்த காலம் எப்போது தொடங்கியிருக்கும் என்று யோசித்தால் நெஞ்சு கனக்கிறது.

*

பிற்காலப் பாண்டியர், விசயநகரம், மதுரை நாயக்கர், பாளையக்காரர் என்று அடுத்த பல நூற்றாண்டுகளை ஒரே எட்டில் தாண்டுகிறேன். சின்னம நாயக்கர் என்பவர் பெயரால் அரிகேசரிநல்லூர் சின்னமனூர் ஆனது என்று ஊரில் சொல்வார்கள். கன்னடம் பேசும் ஒக்கலிகரும் காப்பிலியரும், தெலுங்கு பேசுவோரும் இந்தப் பள்ளத்தாக்கில் மாடும் ஏருமாகக் குடியேறினார்கள். இராவுத்தர்கள் வியாபாரத்தோடு நிலமும் வைத்திருந்தார்கள். மதுரையிலிருந்து மலைக்கு மிளகுக்கும் ஏலத்துக்கும் போகும் வழி இந்த ஊர் வழியாகத்தான்.

எத்தனை பேர் வந்தாலும் ஆறு ஒன்றுதான். சுருளியில் மழை பெய்தால் தண்ணீர், இல்லாவிட்டால் மணல். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாதுவருடப் பஞ்சம் மதுரைச் சீமையையும் விடவில்லை. மலைக்கு இந்தப் பக்கம் சனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது, மலைக்கு அந்தப் பக்கம் பெரியாறு கரை புரண்டு அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அந்த ஆற்றைக் கிழக்கே திருப்ப வேண்டும் என்ற எண்ணம் வெள்ளைக்காரர் மூளையில் முதலில் உதித்தது அல்ல. 1789லேயே இராமநாதபுரம் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, மலைக்குள் பன்னிரண்டு பேரை அனுப்பிப் பார்த்துவரச் செய்தார். செய்ய முடியும் என்றுதான் வந்து சொன்னார்கள், பணம் இல்லை. 1808இல் காப்டன் கால்டுவெல் ஆய்ந்துவிட்டு நடக்காத காரியம் என்று எழுதிவிட்டார். பொறியாளர் ஜான் பென்னிகுவிக் வந்து திட்டத்தை முழுவடிவில் வகுக்கும்வரை அது கைகூடவில்லை. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூரோடு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 8,000 ஏக்கர், 999 ஆண்டுக் குத்தகை, ஏக்கருக்கு ஐந்து ரூபாய். 1887இல் வேலை தொடங்கியது. 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் திறந்துவைத்தார்.

அணை மலைமேல். ஆனால் அணைக்குள் இருக்கும் சுண்ணாம்பு நம் பள்ளத்தாக்கு மண். கூடலூர்ப் பக்கம் குருவனூத்தில் சுண்ணாம்புக் கல் வெட்டி, கம்பிவடத்தில் தொங்கவிட்டு மலைக்கு ஏற்றினார்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையில் 155 அடி உயரத்துக்குக் கல்லணை எழும்பியது. காட்டுவெள்ளம் பாதி வேலையை அடித்துப்போனது, திரும்பவும் கட்டினார்கள். மலேரியாவிலும் காலராவிலும் நூற்றுக்கணக்கான கூலியாட்கள் மாண்டார்கள். பென்னிகுவிக்குக்கு லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் 2013இல் திறந்தது. அவர் பிறந்த ஜனவரி 15ஆம் தேதி பாலார்பட்டியில் பொங்கல் வைக்கிறார்கள்; பள்ளத்தாக்கில் பல வீடுகளில் அவர் படம் சாமி படங்களோடு மாட்டியிருக்கிறது. அந்தக் கூலியாட்களில் ஒருவர் பெயர்கூட யாருக்கும் தெரியாது. பொங்கல் வைக்கும்போது அவர்களுக்கும் ஒரு இலை போடவேண்டும் என்பது என் ஆசை.

மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் இந்தப் பக்கம் இறங்கி, வைரவனாற்றில் விழுந்து, சுருளியாற்றோடு சேர்ந்து ஓடியது. உண்மையில் இந்தத் தண்ணீர் சின்னமனூரை நினைத்து வந்தது அல்ல. வைகை வழியாக மதுரை, மேலூர்ப் புன்செய்களுக்குப் போகவேண்டிய தண்ணீர். பள்ளத்தாக்கு வெறும் வழித்தடம். ஆனால் வழியில் இருந்த ஊர்களுக்கு ஏற்கெனவே வாய்க்கால்கள் இருந்தன. தலைமுறை தலைமுறையாக ஆற்றில் உரிமை இருந்தது. அந்த உரிமையால்தான் கூடலூரிலிருந்து பழனிசெட்டிபட்டிவரை பதினேழு வாய்க்கால்களின் கீழே 14,707 ஏக்கர் இருபோக நிலமாயிற்று. உத்தமமுத்து வாய்க்கால், பாளையம் பரவு, தாமரைக்குளம் வாய்க்கால் என்று அந்த வாய்க்கால்களுக்குப் பெயர்கள். மழையை நம்பி ஒரு போகம் எடுத்த இடத்தில் இப்போது இரண்டு போகம்.

ஆற்றின் பெயர் மாறியது இப்படித்தான். ஊர் பெருத்தது. அரிசி ஆலை வந்தது, காய்கறி ஏலக்கடை வந்தது, வாழை மண்டி வந்தது. சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் பாதையில் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. அந்தப் பாதையின் பதினெட்டு ஊசிமுனை வளைவுகளுக்கும் இன்று தமிழ் இலக்கியப் பூக்களின் பெயர்கள்.

வெற்றிலைக் கொடிக்காலைப் பார்க்காமல் இந்த ஊரைப் பார்த்ததாகச் சொல்லக்கூடாது. வெளியே உச்சி வெயில் காய்கிறபோதும் கொடிக்காலுக்குள் கால் வைத்ததும் உடம்பு குளிரும். வரிசை வரிசையாக அகத்தி நிற்கும். ஒவ்வொரு அகத்தியையும் ஒரு கொடி பற்றி ஏறியிருக்கும். கொடி வழுக்காமல் இருக்க நாரால் கட்டியிருப்பார்கள், இறுக்கினால் கொடி அறுந்துவிடும், தளர்த்தினால் சரிந்துவிடும். பாத்திக்கு நடுவே ஓடும் கால்வாயில் எப்போதும் ஈரம் வேண்டும். தண்ணீர் தேங்கினாலோ வேர் அழுகும். பச்சைக் குழந்தை மாதிரி என்பார்கள். இருட்டு பிரியுமுன் கிள்ளத் தொடங்கி, கவுளி கவுளியாக அடுக்கி, வாழைச்சருகில் கட்டி, ஈரம் காயுமுன் சந்தைக்கு அனுப்பவேண்டும். ஒரு வாரம் தண்ணீர் வராவிட்டால் ஒரு வருட உழைப்பு கருகிவிடும். இந்த ஊர்க்காரர்கள் அணையின் நீர்மட்டத்தைப் பிள்ளையின் காய்ச்சலைப் பார்ப்பதுபோலத் தினமும் பேப்பரில் பார்ப்பது அதனால்தான்.

1956இல் மாநிலம் பிரிந்தபோது பீருமேடும் தேவிகுளமும் கேரளத்தில் நின்றன. அணை அங்கே, வயல் இங்கே. 1979இல் அணையின் பாதுகாப்பு பற்றிய அச்சம் எழுந்து நீர்மட்டம் 136 அடியாகக் குறைந்தது. அணைப் பிரச்சினை முற்றிய 2011 டிசம்பரில் கம்பம், கூடலூர், சின்னமனூர்ப் பக்கமெல்லாம் சனங்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு குமுளி எல்லையை நோக்கி நடந்தார்கள். ஏலத்தோட்ட வேலைக்கு விடியற்காலையில் மலையேறும் பெண்களின் ஜீப்புகள் நின்றுபோயின. இரண்டு பக்கமும் ஏழைகள்தான் கஷ்டப்பட்டார்கள். 2014 மே 7ஆம் தேதி உச்சநீதிமன்றம் 142 அடிவரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அந்த நவம்பரில் 142 அடியைத் தொட்டது. பள்ளத்தாக்கு அன்றைக்குக் கொண்டாடியது.

எனக்கு இப்போதைய கவலை வேறு. இத்தனை பாடுபட்டு வந்த தண்ணீரில் வழிநெடுக ஊர்களின் சாக்கடை கலக்கிறது. படித்துறையில் இறங்கிக் குளிக்கத் தயங்குகிறார்கள். பாண்டியன் பிரமதேயம் கொடுத்தபோதும், வெள்ளைக்காரன் மலையைக் குடைந்தபோதும், தண்ணீர் வருமா வராதா என்பதுதான் கேள்வி. வந்த தண்ணீரை என்ன செய்கிறோம் என்ற கேள்வி நம் தலைமுறைக்கு மட்டுமே உரியது. அதை நாம் சரியாகக் கையாளவில்லை.

*

மழை கைகொடுத்த வருடங்களில் ஜூன் முதல் தேதி தேக்கடி ஷட்டரைத் திறப்பார்கள். பூசை போட்டு, மலர் தூவி, பாசனத்துக்கு 200 கனஅடி, குடிநீருக்கு 100 கனஅடி என்று விடுவார்கள். அதற்கு நாலு நாள் முன்னாலிருந்தே சின்னமனூர் டீக்கடைகளில் ‘தண்ணி தொறந்தாச்சா?’ என்பதுதான் பேச்சு. நாற்றங்காலை உழுது போட்டிருப்பார்கள். விதைநெல் சாக்கில் ஊறும்.

வாய்க்காலில் தண்ணீர் வருவதைக் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் சருகு வரும். நுரையும், காய்ந்த சாணியும், யாரோ எறிந்த பிளாஸ்டிக் பையும் உருண்டு வரும். வெடித்த மண் அதைக் குடித்துவிட்டுச் சும்மா கிடக்கும். அப்புறம் செந்நிறக் கலங்கல். எங்கிருந்து வந்தனவோ, கொக்குகள் வரப்பில் இறங்கிவிடும். ஒருவர் மண்வெட்டியோடு ஓடிப்போய் மடைவாயில் அடைத்த மண்ணை இரண்டு வெட்டு வெட்டி விலக்குவார். தண்ணீர் ஒரு கணம் தயங்கி, திரும்பி, வயலுக்குள் போகும்.

(அடுத்த வாரம்: வீரபாண்டி)